உயிரோடு கிடைத்த கழுகு

1. போன்

"மேடம், கழுகு கிடைச்சாச்சு!" என்று எங்கள் அருங்காட்சியக டைரக்டர் போனில் கத்தியபோது நான் துள்ளிக் குதிக்காத குறை. "ஆனா இன்னும் உயிரோட இருக்கு" என்று அடுத்த மூச்சில் சொன்னார். என் சந்தோஷம் பாதியாகக் குறைந்தது.

இதை இப்படியே எழுதினால் படிக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று என் மகள் கேட்கிறாள். நினைத்துக்கொள்ளட்டும். நான் பார்த்த வேலை அப்படி. டெல்லியில் ஒரு அரசு இயற்கை அருங்காட்சியகத்தில் பாடம் செய்யும் பிரிவில் இருந்தேன். செத்த பறவையின் தோலை உரித்து, பதப்படுத்தி, உள்ளே உடல் வடிவம் கொடுத்து, கண்ணாடிக் கண் பொருத்தி, இப்போதுதான் வந்து உட்கார்ந்தது போல நிறுத்தி வைக்க வேண்டும். ஆபீஸில் இதற்கு டாக்ஸிடெர்மி செக்‌ஷன் என்று பெயர். என் பெயர் பாண்டியம்மாள். மதுரைப் பக்கம். டெல்லி வாயில் அந்தப் பெயர் நுழையாததால் சேர்ந்த வாரமே 'பாண்டே மேடம்' ஆகிவிட்டேன். என்னை உத்தரப் பிரதேசத்துப் பாண்டே என்று நம்பித் தன் தம்பிக்கு என் தங்கையைப் பெண் கேட்ட அதிகாரியும் உண்டு.

மோதி பாக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். என் உத்தியோகம் என்னவென்று தெரிந்த பிறகு, நவராத்திரிக்கு நான் கொடுக்கிற சுண்டலைப் பக்கத்து வீட்டு மாமி வாங்கிக்கொள்வார், வாயில் போட மாட்டார். எனக்கு அதில் வருத்தமில்லை. மிச்சம் ஆகிற சுண்டல் எனக்குப் பிடிக்கும்.

அந்த மே மாதம் நாங்கள் ஒரு புதிய காலரி திறப்பதாக இருந்தது. அழிந்துகொண்டிருக்கும் உயிரினங்களுக்கான காலரி. மந்திரி வந்து ரிப்பன் வெட்டுவதாக ஏற்பாடு. நாள் குறித்து அழைப்பிதழும் அச்சுக்குப் போயிருந்தது. காலரியின் நடுவில் பெரிய கண்ணாடிக்குப் பின்னால் யமுனைக் கரை. கரையில் செத்துக் கிடக்கும் ஒரு மாடு. மாட்டைச் சுற்றிப் பிணந்தின்னிக் கழுகுகள். புத்தகத் தமிழில் பாறு என்கிற அதே பறவை. கரை தயார், மாடு தயார். கழுகுதான் ஒன்றுகூட இல்லை.

2. எங்களிடம் இல்லாத பறவை

இவ்வளவு பெரிய அருங்காட்சியகத்தில் ஒரு கழுகு இல்லையா என்று கேட்பீர்கள். இல்லை. ஏன் என்று சொல்கிறேன், இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் கவனமாகக் கேட்க வேண்டிய இடம் இதுதான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் சேர்ந்தபோது டெல்லி முழுக்கக் கழுகுகள். ஆற்றங்கரையில், குப்பை மேட்டில், பெரிய சாலைகளின் ஓரத்து மரங்களில் அவை உட்கார்ந்து உட்கார்ந்து கிளைகள் வெள்ளையடித்தது போல இருக்கும். அப்போதிருந்த என் மேலதிகாரியிடம் போய், ஒரு கழுகைப் பாடம் செய்து வைக்கலாமே சார் என்றேன். சிரித்தார்.

"அரே பாண்டே ஜி, கழுகை வெச்சு என்ன செய்யப் போறோம்? ஜன்னலைத் திறந்தா தெரியுது. அதுக்கு ஒரு அலமாரியா?"

எனக்கும் அது சரியென்றே பட்டது. எங்கள் தொழிலின் பழக்கம் அது. அபூர்வமானது எது கிடைத்தாலும் உயிரைக் கொடுத்துச் சேகரிப்போம். இமயமலை உச்சியில் திரிகிற கோழிக்கு எங்களிடம் தனி அலமாரி உண்டு. காக்கை, குருவி, கழுகு எதுவும் கிடையாது. நாளைக்கும் இருக்கும் என்று தெரிந்த எதையும் நாங்கள் வாங்கி வைத்ததில்லை.

அப்புறம் மரங்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. எந்த வருஷம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கழுகு வந்தால் கவனிப்போம், வராததை யார் கவனிப்பார்கள்? எனக்கு முதலில் சொன்னவர் ரஹ்மத். யமுனை ஓரத்தில் செத்த மாடுகளின் தோலை உரிக்கிற இடத்தில் வேலை செய்தார். எலும்புக்கூடுகளுக்காக நான் அவரிடம் அடிக்கடி போவேன்.

"முன்னாடி தோலை எடுத்துப் போட்டுட்டு ஒரு சாய் குடிச்சுட்டு வந்தா எலும்பு மட்டும்தான் கிடக்கும் மேடம்" என்றார் ரஹ்மத். "இப்போ பாருங்க. நாய்ங்க என்ன தின்னும், எவ்வளவு தின்னும்? நாத்தத்துல எங்களாலயே நிக்க முடியலை."

அவருக்குப் பின்னால் மாடுகள் ஊதிப்போய்க் கிடந்தன. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு எலும்பை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

3. மிதாலியோடு சண்டை

காலரியின் பின்திரையை வரைந்தவள் மிதாலி. வங்காளத்துப் பெண், ஓவியக் கல்லூரியில் படித்தவள், ஒப்பந்தத்தில் வந்திருந்தாள். யமுனையை அந்தப் பெண் வரைந்த விதத்தைப் பார்த்து நானே அசந்து போனேன். தண்ணீரில் நுரை மிதப்பது வரைக்கும் இருந்தது. வானத்தை மட்டும் வெறுமையாக விட்டிருந்தாள். தூரத்தில் பறக்கிற கழுகுகளை எப்போது போடப் போகிறாய் என்று கேட்டேன்.

"போடப் போறதில்லை தீதி" என்றாள். "கீழேயும் கழுகு வேண்டாம். மாடு மட்டும் கிடக்கட்டும். இப்போ நிஜமா அப்படித்தானே இருக்கு?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "வெறும் மாட்டைப் பார்க்க எவன் வருவான்? மாடு பார்க்கணும்னா வாசல்லயே நாலு நிக்குது. மியூசியம்னா பொருள் வேணும். உங்க காலேஜ்ல காலி ஃப்ரேமை மாட்டிட்டு ஆர்ட்டுன்னு சொல்லுவீங்க. இங்க அது நடக்காது."

"கழுகை நிக்க வெச்சா, ஓ இருக்குன்னு நினைச்சுட்டுப் போயிடுவாங்க."

"பார்க்காதவனுக்கு இல்லாததோட அருமை எப்படித் தெரியும்?"

இப்போது யோசித்தால் இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அன்றைக்கு நான் ஒப்புக்கொள்ளவில்லை. நாலைந்து ஊர் அருங்காட்சியகங்களுக்குக் கடிதம் போட்டு ஒரு கழுகைக் கடன் கேட்டேன். பூச்சி அரித்துவிட்டது என்று சிலர் எழுதினார்கள். மற்றவர்கள், எங்களிடமும் இல்லை, உங்களுக்குக் கிடைத்தால் எங்களுக்கும் ஒன்று சொல்லுங்கள் என்று எழுதினார்கள். எல்லோரும் எங்களைப் போலவே இருந்திருக்கிறார்கள்.

திறப்பு விழாவுக்கு இரண்டு வாரம்கூட இல்லாதபோதுதான் அந்த போன் வந்தது.

4. கன்றுக்குட்டிக் கொட்டகை

நகரத்தின் மேற்கு ஓரத்தில் ஒரு மாட்டு ஆஸ்பத்திரி. பால்பண்ணைக்காரர் ஒருவர் தன் வேப்ப மரத்தடியில் விழுந்து கிடந்த கழுகைச் சாக்கில் தூக்கிக்கொண்டு வந்து அங்கே விட்டிருந்தார். ஆபீஸ் ஜீப்பில் என் பெட்டியோடு போய் இறங்கினேன். பெட்டியில் கத்திகள், பஞ்சு, வெண்காரம், அளவு நாடா, களிமண். செத்த பறவைக்கு வேண்டிய எல்லாம் இருந்தன. உயிரோடு இருக்கிற பறவைக்கு ஒன்றும் இல்லை.

டாக்டர் தமிழர் என்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. பெயர் குழந்தைவேல், நாமக்கல்காரர். என் பெட்டியைப் பார்த்தார்.

"என்னங்க மேடம், அதுக்குள்ள சாமானத்தோட வந்துட்டீங்க?"

"டைரக்டர் அனுப்புனாரு டாக்டர். எப்படி இருக்கு?"

"பாருங்க" என்று கன்றுக்குட்டிக் கொட்டகையைக் காட்டினார்.

மூலையில் ஈரச் சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தது. றெக்கைகள் நனைந்த குடை போலத் தொங்கின. கழுத்து தொங்கி அலகு கிட்டத்தட்டத் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. வெண்முதுகுப் பாறு. இறகு ஒன்றுகூட உடையவில்லை. எனக்குக் கை பரபரத்தது. பொய் சொல்வானேன், இந்தத் தோல் வீணாகக்கூடாது என்றுதான் முதலில் நினைத்தேன்.

"ரெண்டுல ஒண்ணுங்க" என்றார் டாக்டர். "வெயில்ல தண்ணியில்லாம விழுந்திருந்தா பொழைக்க வெக்கலாம். மாட்டுக்குப் போடற வலி ஊசி இருக்குதில்லீங்களா, அந்த ஊசி போட்ட மாடு செத்து, அந்தக் கறியத் தின்னிருந்தா கிட்னி போயிருக்கும். அப்போ ஒண்ணும் பண்ண முடியாதுங்க. எதுன்னு இப்பத் தெரீலீங்க. நாளைக்குக் காலைல கழுத்து நிமிந்துதுன்னா தப்பிச்சுதுன்னு அர்த்தம்."

அந்த ஊசியைப் பற்றிய செய்தி அப்போதுதான் பத்திரிகைகளில் வரத் தொடங்கியிருந்தது. பிழைத்தால் எங்கே போகும் என்று கேட்டேன். ஹரியானாவில் கழுகுகளை வைத்துக் குஞ்சு பொரிக்க வைக்கிற இடம் ஒன்று வந்திருப்பதாகவும், அவர்களிடம் பேசிவிட்டதாகவும் சொன்னார்.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. கண்ணின் நிறத்தை உயிர் இருக்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். உயிர் போனால் முதலில் போவது கண்ணின் நிறம்தான். பாதி அருங்காட்சியகங்களில் பறவைகள் பொம்மை போல முழிப்பதற்கு, செத்த கண்ணைப் பார்த்து நிறம் போட்டதே காரணம். அதனால் வண்ணக் குப்பிகளை எடுத்துக்கொண்டு அதன் எதிரில் சாக்கு விரித்து உட்கார்ந்தேன். பழுப்பு. வெயில் பட்ட பக்கம் உள்ளே மெல்லிய மஞ்சள். அட்டையில் ஒரு பொட்டு வைப்பேன், கண்ணைப் பார்ப்பேன், சரியில்லை என்று இன்னொரு பொட்டு வைப்பேன். அதுவும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நடுநடுவே பக்கவாட்டிலிருந்து மெல்லிய தோல் ஒன்று வந்து கண்ணை மூடித் திறந்தது. இத்தனை வருஷம் பறவைக் கண்களோடு பிழைப்பு நடத்தியவள், ஒரு கண் திரும்ப என்னைப் பார்க்கப் பார்க்க அன்றுதான் வேலை செய்தேன். எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

ஆஸ்பத்திரி போன் அடித்தது. எனக்குத்தான்.

"போயிடுச்சா?" என்றார் டைரக்டர்.

"இல்ல சார்."

கொஞ்ச நேரத்தில் மறுபடி அடித்தது. "போயிடுச்சா?"

"இல்ல சார்."

மூன்றாம் முறை குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவர் பேசியது ஹிந்தியில். "மேடம், அது எப்படியும் போகப் போகுது. டாக்டர் சாகிப்பை ரொம்ப ஊசி போட்டுக் குத்த வேண்டாம்னு சொல்லுங்க. தோல்ல ஓட்டை விழும். செத்தப்புறம் போஸ்ட்மார்ட்டம் அது இதுன்னு அறுக்கவும் விடாதீங்க. புரியுதா?"

புரிந்தது. போனை வைத்துவிட்டு வந்தேன். டாக்டர் ஸலைன் பாட்டிலைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்.

"என்னங்க சொல்றாரு?"

மறைப்பதற்கு எனக்கு வாய் வரவில்லை. "ஊசி போட வேண்டாங்கிறாரு. தோல் கெட்டுப் போயிருமாம்."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஊசியைப் பாட்டிலில் பொருத்தியபடியே பேசினார்.

"நான் மாட்டு டாக்டருங்க மேடம். அந்த வலி மருந்த எத்தன மாட்டுக்கு என் கையால போட்டிருப்பேன்னு எனக்கே தெரியாது. மாடு எந்திரிச்சு நடக்கும், வீட்டுக்காரம்மா கையெடுத்துக் கும்பிடுவாங்க. நல்லது பண்றோம்னுதானுங்க போட்டோம். இப்போ ஒரே ஒரு பறவ கைக்கு வந்திருக்குது. இதுக்கும் ஊசி போட வேண்டாம்னா நான் எதுக்குங்க இங்க இருக்கறேன்?"

குரல் உடைந்துவிட்டது. தோலைப் பற்றிய யோசனை அப்போதுதான் என்னை விட்டுப் போனது.

"றெக்கைய நான் புடிக்கிறேன் டாக்டர்" என்றேன். "எங்க புடிச்சா ஒடியாதுன்னு எனக்குத் தெரியும். நீங்க நரம்பப் பாருங்க."

கையுறையைப் போட்டுக்கொண்டு றெக்கையை விரித்தேன். எத்தனையோ றெக்கைகளை விரித்த கைகள்தான். ஆனால் இது சூடாக இருந்தது, உள்ளே படபடவென்று துடித்தது. நான் பிடித்ததும் அது கழுத்தை ஒரு தரம் உலுக்கி, அடிவயிற்றிலிருந்து இழுத்து, என் புடவை முழுக்க வாந்தி எடுத்தது. அந்த நாற்றத்தை எழுத எனக்குத் தமிழும் போதாது, ஹிந்தியும் போதாது. நான் பிடியை விடவில்லை. டாக்டர் நரம்பைப் பிடித்துவிட்டார். ஸலைன் சொட்டுச் சொட்டாக இறங்கத் தொடங்கியது. பாட்டில் முடிந்து ஊசியை எடுக்கும்போது என் வலது கையைக் கொத்தியது. கையுறை கிழிந்து ரத்தம் வந்தது.

"கொத்துதுங்க!" என்று டாக்டர் சின்னப் பையன் போலக் கத்தினார். "தெம்பு வருதுங்க!"

அதைக் கேட்டு எனக்கும் சிரிப்பு வந்தது. கொத்து வாங்கியவள் நான், கொண்டாட்டம் அவருக்கு.

5. டைரக்டர் நேரில் வந்தார்

போனில் பேசி அலுத்துப்போய், மாலை வெயில் தாழ்வதற்குள் டைரக்டரே காரில் வந்து இறங்கினார். கையில் ஒரு கடிதம். பறவை இறந்துபோனால் அதன் உடலை எங்கள் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாம் என்று வனத்துறை கொடுத்த அனுமதி. கூடவே டிரைவர் ஒரு மரப்பெட்டியைச் சுமந்து வந்தார்.

டைரக்டர் கெட்டவர் இல்லை. இதை எழுதாவிட்டால் என் மனசாட்சி உறுத்தும். அந்தக் காலரிக்காக மந்திரி ஆபீஸ் வாசலில் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தவர் அவர். அது நின்றுபோனால் மறுபடி ஒருத்தர் இப்படி ஒரு காலரி கேட்க வருஷங்கள் ஆகும் என்பது அவருக்குத் தெரியும்.

"டாக்டர் சாகிப், இது பிழைச்சுடும்னு உங்களால எழுதித் தர முடியுமா?" என்று கேட்டார்.

டாக்டர் முழித்தார். "அப்படி எழுத முடியாதுங்க சார்."

"அச்சா. அப்போ பிழைக்காது. எங்க லேப்ல ஏசி இருக்கு. அங்கே நிம்மதியாப் போகட்டும். இங்கே இந்த வெயில்ல செத்தா ஒரு மணி நேரத்துல இறகு கொட்ட ஆரம்பிச்சுடும். பாண்டே மேடம், நீங்க சொல்லுங்க. பத்துப் பன்னெண்டு வருஷமா பறவை பார்க்கறீங்க. டெக்னிக்கல் ஒப்பீனியன் குடுங்க. இது தேறுமா?"

டிரைவர் பெட்டியின் மூடியைத் திறந்து வைத்தார். டாக்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தேறாது என்று நான் சொன்னால் அவரால் மேற்கொண்டு பேச முடியாது. பெரிய அதிகாரியின் கடிதமும் அருங்காட்சியக நிபுணரின் வார்த்தையும் சேர்ந்துவிட்டால் ஒரு மாட்டு டாக்டர் என்ன செய்வார்? கழுகின் கழுத்து இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. பந்தயம் கட்டச் சொன்னால் நானே தேறாது என்ற பக்கம்தான் கட்டியிருப்பேன்.

"தெரியாது சார்" என்றேன்.

"தெரியாதா?"

"செத்த பறவைதான் சார் எனக்குத் தெரியும். செத்தா எடுத்துக்கறேன், உங்களுக்கு அருமையா நிறுத்தித் தர்றேன். இது கொத்துது." கட்டுப் போட்ட கையை நீட்டிக் காட்டினேன். "கொத்துறதை என்னால பெட்டியில வைக்க முடியாது."

"மந்திரி வரும்போது அந்தக் கண்ணாடிக்குப் பின்னாடி என்ன வெச்சுக் காட்டப் போறீங்க? காத்தையா?"

"ஆமா சார். வெச்சுக் காட்டறேன்."

வீம்புக்குச் சொன்னதுதான், வேறொன்றுமில்லை. என் வாயே எனக்கு எதிரி என்று என் வீட்டுக்காரர் சொல்வதில் உண்மை உண்டு. டைரக்டர் முகம் கறுத்துவிட்டது. வடகிழக்கு எல்லையில் இருக்கிற எங்கள் கிளை அலுவலகத்தின் பெயரைச் சொல்லி, அங்கே ஒரு இடம் காலியாக இருப்பது எனக்குத் தெரியுமா என்று விசாரித்தார். தெரியும் சார் என்றேன். பெட்டியைத் திரும்பக் காரில் ஏற்றச் சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார்.

வீட்டுக்குப் போனதும் என் வீட்டுக்காரர் வாசலிலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

"என்னத்தடி மேல ஊத்திட்டு வந்திருக்க?"

"கழுகு வாந்தி எடுத்திருச்சு."

"அதுக்கே வாந்தி வருதா? காலைல நீ கிண்டுன புளியோதரையக் கொண்டுபோயிக் குடுத்தியா?"

வேறொரு நாள் என்றால் நன்றாகத் திருப்பிக் கொடுத்திருப்பேன். அன்று முடியவில்லை. அழுதுவிட்டேன். அவர் பயந்துபோய் வெந்நீர் வைக்கப் போனார்.

6. களிமண்

மறுநாள் காலை பஸ் பிடித்துப் போனேன், ஜீப் கேட்கிற நிலைமையில் நான் இல்லை. வழி முழுக்க, கொட்டகை காலியாக இருக்கும், இல்லாவிட்டால் சாக்கால் மூடி வைத்திருப்பார்கள் என்றே தோன்றிக்கொண்டிருந்தது. வாசலில் டாக்டர் இல்லை. கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தேன்.

நின்றுகொண்டிருந்தது. கழுத்து நிமிர்ந்திருந்தது. டாக்டர் எதிரில் குத்தவைத்து உட்கார்ந்து, நீளமான இடுக்கியில் ஆட்டுக்கறித் துண்டைப் பிடித்து நீட்டிக்கொண்டிருந்தார். அது பிடுங்கித் தின்றது.

"வாங்க மேடம்" என்றார் டாக்டர், என்னைத் திரும்பிப் பார்க்காமலே. "கோழி மாதிரி திங்குதுங்க."

அப்போதுதான் எனக்குக் களிமண் நினைவுக்கு வந்தது. ஈரம் போகாமல் துணியில் சுற்றிப் பெட்டியிலேயே இருந்தது. தரையில் தட்டையாகப் பரப்பினேன். டாக்டர் கறியை அந்தப் பக்கம் வைத்தார். கழுகு ஒரு முறை யோசித்தது, பிறகு களிமண்ணின் மேல் மிதித்து நடந்து போய்க் கறியை எடுத்தது.

செத்த பறவையின் கால் மடங்கி இறுகிவிடும். எவ்வளவு விரித்து வைத்தாலும் அதன் தடம் உயிருள்ள தடமாக இருக்காது. எடை இருக்காது. இந்தத் தடத்தில் எடை இருந்தது, நகம் அழுந்திய ஆழம் இருந்தது, அடுத்த அடிக்குத் தள்ளிய தள்ளல் இருந்தது. என் சர்வீஸில் ஒரு உயிரிடமிருந்து நான் ஒன்றை எடுத்துக்கொண்ட பிறகும் அந்த உயிர் நடந்து போனது அன்றைக்குத்தான்.

களிமண்ணை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர், "இது என்ன அம்மா, சப்பாத்தி மாவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

7. மாட்டை மாற்றியது

மிதாலி அந்தத் தடத்தைப் பார்த்ததும் சிரிக்கப் போகிறாள், நான் சொன்னேனே என்று குத்திக் காட்டப் போகிறாள் என்று தயாராகப் போனேன். சிரிக்கவில்லை. விரலால் மெதுவாகத் தடவிப் பார்த்தாள். பிறகு மாட்டைப் பார்த்தாள்.

"தீதி, இந்த மாடு தப்பு."

அந்த மாட்டை மாதக்கணக்கில் செய்திருந்தேன். விலா எலும்பு வெளியே தெரிய, பாதி தின்னப்பட்ட மாடு. அவள் சொன்னது உடனே எனக்கும் விளங்கிவிட்டது. கழுகே இல்லாத கரையில் இதை யார் தின்றார்கள்? தின்ன ஆளில்லாத மாடு முழுசாக அல்லவா கிடக்க வேண்டும்? ரஹ்மத்தின் முதுகுக்குப் பின்னால் ஊதிப்போய்க் கிடந்த மாடுகள் கண்ணில் வந்தன.

திறப்பு விழாவுக்குப் பத்து நாள்தான் இருந்தது. இருந்த மாட்டின் மேலேயே கம்பி வலை கட்டி, பிளாஸ்டர் பூசி, வயிற்றை உப்ப வைத்து, ரஹ்மத்திடம் போய்ப் பதப்படுத்திய முழுத் தோல் ஒன்று வாங்கி வந்து போர்த்தித் தைத்தேன். கால்கள் விறைத்து நின்றன. அடிபட்ட கை வலியில் தையல் ஊசி நழுவிக்கொண்டே இருந்தது. மிதாலி கரையை முழுக்க உடைத்துவிட்டு வேறு மண் போட்டாள். காய்ந்து வெடித்த மண். அதில் என் களிமண்ணிலிருந்து அச்சு எடுத்து, கூட்டமாக வந்த கழுகுகளின் பழைய தடங்களை நாங்கள் இரண்டு பேரும் பதித்தோம். அந்தத் தடங்களின் மேலேதான் இப்போது மாடு கிடந்தது. வானத்தை அவள் தொடவில்லை.

டைரக்டர் தினமும் வாசல் வரை வருவார், பார்ப்பார், ஒன்றும் பேசாமல் போவார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

8. கைக்குட்டை

மந்திரி வந்தார். கேமராக்கள், பூங்கொத்துகள், நாலு பக்கமும் தள்ளுமுள்ளு. புலியின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டார். அடுத்து எங்கள் காட்சி. டைரக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, விளக்கம் சொல்லத் தொண்டையைச் செருமினார். மந்திரி கண்ணாடிக்குள் பார்த்தார். அவர் கிராமத்துக்காரர், மாடு கன்று பார்த்து வளர்ந்தவர் என்று பேச்சிலேயே தெரிந்தது. மாட்டைப் பார்த்தார். மண்ணைப் பார்த்தார். குனிந்து தடங்களைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி அந்த வானத்தைப் பார்த்தார்.

டைரக்டர் வாயைத் திறப்பதற்குள் மந்திரியின் கை ஜிப்பாப் பைக்குள் போனது. கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார். அவர் பின்னால் நின்றவர்களில் இரண்டு மூன்று பேரும் மூக்கைப் பொத்தினார்கள்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது கம்பியும் பிளாஸ்டரும் பதப்படுத்திய தோலும்தான். ஒரு பொட்டு நாற்றம் கிடையாது.

மந்திரி கைக்குட்டையை எடுக்காமலே அடுத்த காட்சிக்கு நகர்ந்தார். மிதாலி என் கையைப் பிடித்துக்கொண்டாள், அடிபட்ட கை என்பதைக்கூட மறந்து. கூட்டம் போன பிறகு டைரக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உண்மையைச் சொல்லுங்க மேடம். உள்ளே ஏதாவது கெமிக்கல் தெளிச்சீங்களா?"

"இல்ல சார்" என்றேன்.

அவரும் ஒரு நிமிஷம் கண்ணாடி முன் நின்றார். வடகிழக்கு அலுவலகத்தின் பெயரை அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை. நான் ஓய்வு பெறும் வரை அந்தக் காட்சியின் பக்கமாகப் போகும்போதெல்லாம் பார்ப்பேன். நாள் தவறாமல் யாராவது ஒருவர், கிராமத்திலிருந்து வந்த பெரியவரோ சேலைத் தலைப்பை இழுத்துவிட்ட பெண்ணோ, மூக்கை மூடிக்கொண்டு நிற்பார்கள். நகரத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மூட மாட்டார்கள். பக்கத்தில் நிற்கும் பெரியவர்களிடம், இங்கே என்ன இருந்தது என்று கேட்பார்கள். பெரியவர்கள் சொல்ல ஆரம்பிப்பார்கள். கழுகை நிறுத்தி வைத்திருந்தால் இந்தப் பேச்சு நடந்திருக்காது. மிதாலியிடம் இதை நான் நேரில் சொல்லிவிட்டேன், எழுத்திலும் இருக்கட்டும்.

9. டிராயரில் இருப்பது

இப்போது மயூர் விஹாரில் இருக்கிறோம். என் மேஜை டிராயரில் பஞ்சுக்குள் இரண்டு கண்ணாடிக் கண்கள் இருக்கின்றன. அன்றைக்குக் கொட்டகையில் பார்த்து அட்டையில் வைத்த நிறத்தை வைத்து, அந்தக் கழுகு செத்தால் பொருத்தவென்று பின்னால் நானே தீட்டியவை. பழுப்பு, உள்ளே மெல்லிய மஞ்சள். நான் செய்த கண்களிலேயே உயிரோட்டமானவை இவைதான் என்று கூச்சமில்லாமல் சொல்வேன்.

கழுகு ஹரியானாவுக்குப் போய்ச் சேர்ந்தது. டாக்டர் குழந்தைவேல் எப்போதாவது போன் செய்வார். முதல் முறை போன் அடித்ததும் அந்தப் பழைய கேள்விதான் என் வாயில் வந்தது.

"போயிடுச்சா டாக்டர்?"

"இல்லீங்க" என்றார். "நல்லா இருக்குதுங்க."

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் சிலர் என்னைப் பார்க்க வீட்டுக்கு வருவதுண்டு. அவர்களிடம் சொல்வது ஒன்றுதான். ஜன்னலைத் திறந்தால் தெரிகிற பறவையின் கண்ணை இன்றைக்கே போய்ப் பார்த்து நிறம் குறித்துக்கொள்ளுங்கள். போன மாதம் வந்த ஒரு பெண் டிராயரில் இருந்த கண்களை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, இவ்வளவு அழகா இருக்கு, சும்மா வெச்சிருக்கீங்களே. எங்க மியூசியத்துக்குக் குடுங்களேன், யூஸ் ஆகும்."

"ஆக வேண்டாம்மா" என்று வாங்கிப் பஞ்சுக்குள் வைத்து டிராயரை மூடினேன்.